எனிட் எழுந்து போன சீசன்

எனிட் க்ரௌதர் தன் மகனைக் கூப்பிட்டபோதெல்லாம், தான் பார்க்கத் தவறிய ஒரு கோலின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

1961 ஏப்ரலில் கெல்டன் டவுன் கால்பந்து அணி கடைசியாக மேல் டிவிஷனுக்கு ஏறியது. ஏற்றிவிட்ட அந்தக் கோலை அடித்தவன் க்ளிஃபர்ட் ஆக்டன் என்கிற நெட்டையன். அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் எனிட் ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "தலைப்பிள்ளை, எப்படியும் ராத்திரி ஆகும்" என்று நர்ஸ் சொன்ன ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் கணவன் ஆர்னால்ட் ஹாலோ லேன் மைதானத்துக்கு ஓடிவிட்டான். பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இல்லை, ஆட்டத்தின் இடைவேளையிலேயே பிறந்துவிட்டது. தொண்டை கட்டி, ஒரு காலில் ஷூ இல்லாமல் ஆர்னால்ட் வந்து சேர்ந்தபோது குழந்தை குளித்து முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "க்ளிஃபர்ட்னு வைப்போம்" என்பதுதான் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. சண்டை போடத் தெம்பில்லாமல் எனிட் தலையாட்டிவிட்டாள்.

அவன் பிரசவத்தைத் தவறவிட்டான், அவள் கோலைத் தவறவிட்டாள். எது பெரிய நஷ்டம் என்று அந்த வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. அந்தக் கோலைப் பற்றி ஆர்னால்ட் பேசாமல் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததில்லை. முதலில் பதினைந்து கெஜத்திலிருந்து அடித்த பந்து, மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருபது கெஜமாயிற்று. அவனுக்கு மீசை அரும்பியபோது முப்பதைத் தொட்டுவிட்டது. "முப்பதா? போன வருஷம் இருபத்தஞ்சுன்னீங்களே" என்று எனிட் கேட்டால், "பார்த்தவன் நான் சொல்றேன். பார்க்காதவ நீ பேசாதே" என்று வாயை அடைத்துவிடுவான். அந்தப் 'பார்க்காதவ' என்ற சொல்தான் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

கெல்டன் மறு வருஷமே கீழே இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். மூன்றாம் டிவிஷனில் குடித்தனம் போட்டு, வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிட்ட மாதிரி அங்கேயே தங்கிவிட்டது. ஆர்னால்ட் இந்தக் கதை நடப்பதற்கு நான்கு குளிர்காலத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவனைப் புதைத்துவிட்டு வந்த வாரம் எனிட் தனியாக மைதானத்துக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்த உலகத்திடமிருந்து வர வேண்டிய பாக்கி ஒன்றே ஒன்றுதான் என்று அவள் நினைத்தாள். கெல்டன் மேலே ஏறுவதை, ஏற்றிவிடுகிற கோலை, ஒரு தடவை தன் சொந்தக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அவள் இடம் கிழக்கு கேலரியில், நடுவாக. ஆர்னால்டின் இருக்கை இப்போது டாக்ஸி ஓட்டும் இஃப்திகாருடையது. முதல் நாள் அவன் உட்காராமல் நின்றுகொண்டு, "ஆன்ட்டி, இது அங்கிள் சீட்டுன்னு சொன்னாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் வேற எடம் கேட்டுக்கறேன்" என்றான். "சும்மா கெடந்தா அந்தப் பக்கமிருந்து காத்து அடிக்குதுப்பா. உக்காரு" என்றாள் எனிட். அன்றிலிருந்து அவன்தான் அவளுக்குக் காற்றுத்தடுப்பு.

இன்னொரு பக்கம் நெவில் ஷா. குழாய் ரிப்பேர் செய்கிறவன், ஐம்பது வயது, குரல் மட்டும் இரண்டு தெரு தாண்டும். சின்ன வயதிலிருந்து கெல்டன் சொந்த மைதானத்தில் அடித்த ஒரு கோலைக்கூடத் தான் தவறவிட்டதில்லை என்பது அவன் பெருமை. அதற்காகச் சனிக்கிழமை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான், நடுவில் ஒதுங்கப் போக வேண்டி வருமே என்று. ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் ஒழுகாமல் பார்த்துக்கொள்கிற மனுஷனுக்குத் தன் குழாயைப் பற்றித்தான் கவலை என்று கேலரியில் கேலி செய்வார்கள்.

1997 அக்டோபரில் அது ஆரம்பித்தது. டான்ஸ்பி அணியோடு ஆட்டம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எலும்பு வரைக்கும் குளிர். எனிட் இடைவேளையில் இரண்டு டீ குடித்திருந்தாள். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் அடக்க முடியாமல் எழுந்து, வரிசையில் எல்லா முழங்காலையும் இடித்துக்கொண்டு கீழே கழிவறைக்கு ஓடினாள். கதவைத் தாழ் போட்டாளோ இல்லையோ, தலைக்கு மேலே கேலரி இடிந்து விழுகிற சத்தம். படியேறி மூச்சு வாங்க வந்து, "யாரு? யாரு அடிச்சது?" என்றாள். நெவில் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டான்.

அடுத்த ஆட்டத்தில் கெல்டன் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. நெவில் அவள் தோளில் தட்டி, "எனிட் கண்ணு, உனக்கு டீ குடிக்கணும் போல இல்ல?" என்று கேட்டான்.

"இல்லியே."

"இருக்கு, இருக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

வரிசையே சிரித்தது, எனிட்டும் சிரித்துக்கொண்டே போனாள். கீழே டீக்கடையில் நிற்கும் பாலின் என்பவள் கோப்பையை நீட்டுவதற்குள் மேலே பூகம்பம். மூன்றாவது தடவையும் அப்படியே நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மூன்று தடவை நடந்துவிட்டால் கெல்டனில் அது சட்டம்.

பிறகு கேட்க வேண்டுமா! கோல் தேவைப்படும் நேரம் வந்தால் பின் வரிசையிலிருந்து "கிளம்பு எனிட், கிளம்பு!" என்று ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தார்கள். அவள் எழுந்தால் அந்த வரிசை முழுக்க முழங்காலை ஒதுக்கி, ராணி போகிற மாதிரி வழிவிட்டது. அவள் வேலை பார்த்த பள்ளிச் சமையலறையிலும் பேர் பரவிவிட்டது. திங்கட்கிழமை கஸ்டர்ட் ஊற்ற நிற்கும்போது பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு, "மிஸ், சனிக்கிழமை எப்பப் போனீங்க?" என்றுதான் கேட்டன. கோல் அடித்தவன் பெயரைக் கேட்கவில்லை. இந்தப் பெருமையில் எனிட்டுக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அறுபதை நெருங்கும் ஒரு விதவையைப் பார்த்து ஆயிரம் பேர் பாட்டுப் பாடுவது எல்லோருக்கும் வாய்க்கிற காரியமா?

ஆனால் கிறிஸ்துமஸ் தாண்டியதும் அவளுக்கு ஒன்று உறைத்தது. கெல்டன் இரண்டாம் இடத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஆடியதே இல்லை. அந்த சீசனில் உருப்படியான எந்தக் கோலையும் அவள் பார்த்திருக்கவில்லை. எல்லாவற்றையும் காரை பெயர்ந்த ஒரு சுவரைப் பார்த்தபடி காதால் கேட்டிருந்தாள்.

"எனக்கு இது பழகிப் போச்சு கண்ணு" என்றாள் பாலின். இருபது வருஷமாக அந்த டீக்கடையில் நிற்கிறவள், கெல்டன் சட்டையின் மஞ்சள் கறுப்பு நிறத்தைத் தவிர ஆட்டத்தில் எதையும் பார்த்தறியாதவள். "தலைக்கு மேல கால் தடதடன்னு இடிச்சா நம்மது. சத்தம் மட்டும் தூரத்துலேர்ந்து வந்து, மேல பேச்சு மூச்சு இல்லேன்னா அவங்களது. இது போதாதா?"

"போதாது" என்றாள் எனிட்.

ஜனவரியில் கோப்பைப் போட்டியில் பெரிய நகரத்துப் பெரிய அணி ஒன்று ஹாலோ லேனுக்கு வந்தது. ரம்ஜான் மாதம். இரண்டாம் பாதியில் வெளிச்சம் மங்கியதும் இஃப்திகார் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, நோன்பு திறந்து, வரிசைக்கெல்லாம் நீட்டினான். நெவில் இரண்டு எடுத்துக்கொண்டான், ராசியாக இருக்கட்டும் என்று. ஒன்றுக்கு ஒன்று சமநிலையில் எனிட்டை அனுப்பினார்கள். அவள் படியிறங்கும்போதே கெல்டன் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டுக் கோட்டின் மேல் விழுந்து வெளியே குதித்ததாம். உள்ளே விழுந்தது என்று கெல்டன் முழுக்கச் சத்தியம் செய்தது, நடுவர் கண்ணுக்கு மட்டும் விழவில்லை. சமநிலையில் முடிந்ததால் வைத்த மறு ஆட்டத்தில் தோற்றார்கள்.

"அரை நிமிஷம் லேட்டாக் கிளம்பிட்டே" என்றான் நெவில் கவலையோடு. சட்டத்தில் தப்பே இருக்க முடியாது என்று அவன் நம்பினான். தப்பு எப்போதும் கால்களில்தான்.

மே மாத முதல் சனிக்கிழமை, லீக்கின் கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில். ஜெயித்தால் நேராக மேல் டிவிஷன். ஊரே வந்திருந்தது. பாதிப் பேர் காதில் ரேடியோவை ஒட்டவைத்துக்கொண்டு வேறு ஆட்டங்களின் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபதாவது நிமிஷம் எனிட்டுக்குப் பாட்டு வந்தது. போனாள். பாலின் கடையின் கோப்பைகள் நடுங்க, மேலே கால்கள் இடித்தன. கெல்டன் ஒன்று, எதிரணி பூஜ்யம்.

அங்கேயே நின்றிருக்கலாம். பாலினும் அதைத்தான் சொன்னாள். "கோல் விழுந்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் என்கூடவே நில்லேன்."

"விசில் ஊதறதையாவது பாக்கறேன், பாலின். முப்பத்தேழு வருஷம் ஆச்சு."

அவள் மேலே வந்தாள். உட்கார்ந்தாள். பச்சைப் புல்லையும் மஞ்சள் சட்டைகளையும் ஆசை தீரப் பார்த்தாள். கடைசி நிமிஷத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வந்து, கெல்டனின் சொந்தத் தடுப்பாட்டக்காரன் முழங்காலில் பட்டு, அசடு வழிகிற மாதிரி மெதுவாக உருண்டு கெல்டனின் வலைக்குள் போனது. அந்த சீசனில் எனிட் முழுசாகப் பார்த்த முக்கியமான கோல் அது ஒன்றுதான். கெல்டன் மூன்றாம் இடத்துக்குச் சறுக்கியது.

யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நெவில் மட்டும் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டுத் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். அதற்குப் பதில் அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திங்கட்கிழமை ஒரு சின்னப் பெண் தட்டை நீட்டி, "மிஸ், நீங்க ஏன் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டது. எனிட் கஸ்டர்டைத் தட்டில் ஊற்றுவதற்குப் பதில் மேஜையில் ஊற்றிவிட்டாள். அறிவு, 'இதெல்லாம் கிறுக்குத்தனம், உன் முழங்காலா பந்தைத் தட்டியது' என்று சொன்னது. நெஞ்சு கேட்கவில்லை. நம் ஆசையால் ஊர் காரியம் கெட்டதே என்று உள்ளுக்குள் குமைந்தாள்.

இன்னொரு கதவு திறந்திருந்தது. மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்த அணிகள் தங்களுக்குள் மோத வேண்டும், மிஞ்சுகிற இரண்டும் லண்டனில் வெம்ப்ளியில் ஆட வேண்டும். அதில் ஜெயிப்பவருக்கு மேல் டிவிஷன். கெல்டன் அரையிறுதியைத் தாண்டியது. எப்படித் தாண்டியது என்று எனிட்டைக் கேட்காதீர்கள், அவள் அன்று முழு இரண்டாம் பாதியையும் பாலினோடு கோப்பை கழுவிக் கழித்தாள்.

வெம்ப்ளிக்கு மகன் க்ளிஃபர்ட் கூட வருவதாகச் சொன்னபோது அவளுக்கு நம்ப முடியவில்லை. லீட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன், தன் பெயருக்குக் காரணமான விளையாட்டைச் சின்ன வயதிலிருந்தே வெறுத்தவன்.

"நீயா? உனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமாடா?"

"தெரியாது. உனக்குத் தெரியுமே, நீ சொல்லிக் குடு. ஆனா ஒண்ணு, அம்மா. போன வாரம்தான் உன் கண்ணைச் சோதிச்சேன். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் தெளிவாத் தெரியுது. அப்படிப்பட்ட கண்ணை வச்சுக்கிட்டு நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறதா இருந்தா நான் வரலே."

"பாக்கலாம்" என்றாள் எனிட். எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

மஞ்சள் கறுப்புத் துண்டுகள் ஜன்னலில் பறக்க, பஸ்கள் வரிசையாகத் தெற்கே போயின. வெம்ப்ளியில் கெல்டன்காரர்கள் பாதி மைதானத்தை நிரப்பியிருந்தார்கள், ஊரில் அன்றைக்குத் திருடன் வந்திருந்தால் சாவகாசமாக வீட்டைக் கழுவி மெழுகிவிட்டுக்கூடப் போயிருக்கலாம். எதிரணி மில்போர்ன். அவர்கள்தான் முதலில் அடித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு நெவில் எனிட்டைப் பார்த்தான். அவள் எழுந்து போனாள். பழக்கமில்லாத கான்கிரீட் நடைபாதையில், பாலின் இல்லாமல், ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் மேலே கால்கள் இடித்தன. ஒன்றுக்கு ஒன்று. சட்டம் லண்டனிலும் செல்லுபடியாகிறது என்று தெரிந்தது.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. எனிட் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். கூடுதல் நேரத்திலும் கடைசிச் சில நிமிஷங்கள். கெல்டன் அணி மில்போர்ன் பக்கமே முட்டிக்கொண்டிருந்தது, இப்போது விழும் அப்போது விழும் என்ற நிலை. பின் வரிசையில் யாரோ மெல்லிய குரலில் ஆரம்பித்தார்கள். "கிளம்பு எனிட், கிளம்பு..." பாட்டில் கேலியே இல்லை. சர்ச்சில் பாடுவது போல இருந்தது. நெவிலின் கண் கலங்கியிருந்தது.

"கண்ணு," என்றான், "ஒரே ஒரு தடவை. இதோட உன்னைக் கேக்கவே மாட்டேன்."

"அம்மா, போகாதே" என்றான் க்ளிஃபர்ட்.

இஃப்திகார் முழங்காலை ஒதுக்கவில்லை. எனிட் புல்வெளியைப் பார்த்தாள். எந்தப் பக்கம் விழப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரியே இருந்தது. உட்கார்ந்திருந்தால் பார்க்கலாம். ஆனால் போன தடவை உட்கார்ந்திருந்ததால்தானே... அவள் எழுந்தாள். "வழி விடுப்பா" என்று இஃப்திகாரின் தோளைத் தொட்டாள்.

க்ளிஃபர்ட் பின்னாலேயே இறங்கி வந்தான். "மேல வா, அம்மா. அப்பா பாத்ததைத்தான் நீ பாக்கலே. இதையாவது பாரு."

"நீ போய்ப் பாரு, ராஜா. அப்புறம் எனக்குச் சொல்லு."

"நான் போகலே."

இருவரும் தூணருகே நின்றார்கள். திடீரென்று அந்தக் கான்கிரீட்டெல்லாம் அதிர ஒரு பேரிரைச்சல் எழுந்தது. எனிட் "வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டு மகனைக் கட்டிக்கொண்டாள். அவன் பிறந்த அன்றைக்கு விட்டுப்போனதெல்லாம் கைக்கு வந்துவிட்டது போல இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் காது விழித்துக்கொண்டது. இரைச்சல் தூரத்தில் இருந்தது. தலைக்கு மேலே ஒரு கால்கூட அசையவில்லை.

அவள் கை தானாகத் தளர்ந்தது. க்ளிஃபர்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, நம்மதுதானே?" என்றான். எனிட் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

விசில் ஊதிய பிறகும் இருவரும் அங்கேயே நின்றார்கள். அவன் சொன்னான்: "இவ்வளவு தூரம் வந்து, ரெண்டு பேரும் தூணைப் பாத்துட்டுப் போறோம்." எனிட் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் இழவு வீட்டு அமைதி. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றபோது நெவில் இறங்கிப் போய், ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவள் இருக்கைக்கு வந்தான்.

"டீ, எனிட்."

"இந்த வருஷத்துக்குப் போதும்ப்பா."

அவன் கோப்பையோடு அப்படியே நின்றான். இஃப்திகார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்: "நெவில், வெம்ப்ளில நம்ம அடிச்ச கோல் எப்படி இருந்துச்சுன்னு நீங்க இன்னும் ஆன்ட்டிக்குச் சொல்லவே இல்லே."

நெவில் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். சீசன் முழுவதும் அவள் மூச்சு வாங்க ஓடிவந்து "யாரு அடிச்சது?" என்று கேட்டபோதெல்லாம் பெயரை மட்டும் கத்திவிட்டுப் புல்வெளியைப் பார்க்கத் திரும்பியது அவனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த டீயை அவனே குடித்தான். தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன், ஒரே மடக்கில் குடித்தான்.

ஜூனில் மழை பெய்தது. ஜூலையில் மைதானத்துப் புல் மறுபடி பச்சையானது. எனிட் எந்த யோசனையும் இல்லாமல் அதே இருக்கைக்குச் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்தாள். கெல்டன்காரர்களுக்குப் புத்தாண்டு ஆகஸ்டில்தான் பிறக்கிறது. அட்டவணையில் எல்லா அணிக்கும் பூஜ்யம், எல்லா மனசிலும் இந்தத் தடவை விடமாட்டோம் என்ற திமிர். முதல் சனிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்ட்ரியைக் கடித்துக்கொண்டு ஊர் ஹாலோ லேனை நிரப்பியது.

எண்பதாவது நிமிஷத்தில் கெல்டன் ஒரு கோல் பின்தங்கியிருந்தது.

தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எனிட் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு நேராகப் புல்லையே பார்த்தாள். பின் வரிசையில் பாட்டு ஆரம்பித்தது. "கிளம்பு எனிட், கிளம்பு!"

"கிளம்ப மாட்டேன்" என்றாள்.

பாட்டு தடுமாறி நின்றது. எனிட் எழுந்து, அவர்கள் பக்கம் திரும்பி நின்றாள். பள்ளிச் சமையலறையில் நூறு பிள்ளைகளை அடக்குகிற குரல் அது. "நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு கோலைப் பிரசவத்துல விட்டேன். அதுக்காவது கையில ஒரு பிள்ளை கெடச்சுது. போன வருஷம் அத்தனையையும் கக்கூஸ்லயும் டீக்கடையிலயும் விட்டேன், உங்களுக்காக. எனக்கு என்ன கெடச்சுது? பாக்கணும்னுதான் காசு குடுத்து இந்த சீட்டு வாங்கியிருக்கேன். இனிமே இந்தச் சீட்டை விட்டு நான் எந்திரிக்கறதா இல்லே. கெல்டன் தோத்தாலும் நான் பாத்துத்தான் தோக்கும்."

உட்கார்ந்துவிட்டாள். இஃப்திகார் தன் முழங்காலை நன்றாக நீட்டி வழியை அடைத்துக்கொண்டான், யாராவது அவளைத் தூக்கிக்கொண்டு போக வந்தால் பார்க்கலாம் என்பது போல.

அப்போது நெவில் எழுந்தான்.

"எங்கப்பா போறே?" என்றாள் எனிட்.

"யாராச்சும் போகணும்ல" என்றான் நெவில், புல்வெளியைப் பார்க்காமல். "போன வருஷம் நாங்க அனுப்பின ஆளே தப்பு. நீ உக்காரு, கண்ணு. நான் போறேன்."

"நெவில், நீ ஒரு கோல்கூட விட்டதில்லேன்னு..."

"அதான்" என்றான். முழங்கால்களை இடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், தலை குனிந்து படியிறங்கினான். பல் பிடுங்கப் போகிறவன் நடை அது.

அவன் தலை மறைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கெல்டனுக்கு ஒரு கார்னர். பந்து உள்ளே வந்தது, நாலைந்து பேர் எகிறினார்கள், யாருக்கும் எட்டவில்லை. தரையில் விழுந்து குதித்த பந்து, கெல்டனின் புதுப் பையன் ஒருவனின் தொடையில் பட்டு, கோல்கீப்பரின் கைக்கடியில் புகுந்து, ஆறு கெஜ தூரத்திலிருந்து வலைக்குள் விழுந்தது. அழகான கோல் இல்லை. ஆர்னால்ட் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பான்.

எனிட் பார்த்தாள். பந்து குதித்தது, தொடை, கோல்கீப்பரின் வாய் திறந்தது, வலை உப்பியது, எல்லாவற்றையும் பார்த்தாள். எழுந்து நின்று, இரண்டு காலாலும் தரையைத் தடதடவென்று இடித்தாள். கீழே பாலினுக்கும் நெவிலுக்கும் கேட்கட்டும் என்று இடித்தாள். வெறும் சமநிலைதான், முதல் ஆட்டம்தான், மேல் டிவிஷனுக்கு இன்னும் ஒரு வருஷப் பாதை கிடக்கிறது. அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

படியில் திபுதிபுவென்று சத்தம். நெவில் மூச்சு வாங்க, முகம் சிவந்து, சட்டையில் டீ சிந்தி ஓடிவந்தான். "யாரு? யாரு அடிச்சது? எப்படி அடிச்சான்?"

எனிட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

"அந்தப் புதுப் பையன்தான்" என்றாள் நிதானமாக. "ஆடாம அசையாம நின்னு, முப்பது கெஜத்துலேர்ந்து விட்டான் பாரு ஒண்ணு!"

"முப்பதா?" என்றான் நெவில். இஃப்திகாரைப் பார்த்தான். இஃப்திகார் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தவ நான் சொல்றேன்" என்றாள் எனிட்.

நெவில் தலையில் கைவைத்துக்கொண்டு தன் இருக்கையில் சாயப் போனான். எனிட் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உக்காராதே, நெவில். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. நமக்கு இன்னொண்ணு வேணும்."